கார்டுக் கூட்டத்துப் பண்டாரி

சேக் பரீத் பாயோட கைப்பக்குவத்தப் பத்திப் பேச்செடுத்தா வெள்ளைக்கரட்டுல ஒருத்தரும் லேசுல வாய மூட மாட்டாக. கோம்பையிலேர்ந்து தேவாரம் போற ரோட்ட விட்டு உள்ள தள்ளி, மலையடிவாரத்துல கெடக்கு அந்த ஊரு. பாதி ராவுத்தமாரு வீடு, பாதி வேதக்காரக, அதான் கிறிஸ்தவங்க வீடு, மிச்சம் மீதிக்கு மத்தவுக. எந்த வீட்டு விசேசம்னாலும் அடுப்பு முன்னாடி பாய்தான் நிக்கணும். கல்யாணச் சமையல்காரர எங்க பக்கம் பண்டாரிம்பாக. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்னு எல்லா மகால்லயும் பிரியாணிச் சட்டி ஏத்துன பண்டாரி அவரு.

பண்டாரித் தொழில்ல ஒரு சட்டம் உண்டு. பந்தி நடக்கும்போது 'இல்ல', 'பத்தல', 'தீந்துபோச்சு' இந்த வார்த்தையெல்லாம் பண்டாரி வாயில வரக்கூடாது. உள்ள சட்டியத் தொடச்சு வச்ச மாதிரி காலியா கெடந்தாலும், வெளிய வந்து "தாராளமா இருக்கு மாமு, நல்லாச் சாப்பிடுங்க"ன்னு சிரிச்ச மொகமாச் சொல்லணும். விருந்தாளி முன்னாடி கொறையச் சொன்னா கூப்பிட்ட வீட்டுக்கு மானக்கேடு. ஒருதரம் உத்தமபாளையத்துல மாப்பிள்ள வீட்டுக்காரக சொன்னதுக்கு மேல வேன் வேனா வந்து எறங்கிட்டாக. பொண்ணப் பெத்த மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. பாய் தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டுனாரு, அவ்வளவுதான். அதப் பார்த்ததும் அவரு ஆளுகளுக்குத் தெரியும், அடுத்த ஒலை ஏத்தணும்னு. பந்தியில உக்காந்திருந்த ஒரு ஆளுக்குக்கூட வெவரம் தெரியல. அந்தக் கதையப் பாயே நாலு பேருகிட்டச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவாரு.

இப்ப மலை மேல நடக்குற கூத்துக்கு வருவோம். வருசா வருசம் ஏலத்தோட்டத்துக்கு நடுவுல இருக்குற ஒரு பங்களாவுல கூட்டம் ஒண்ணு நடக்கும். அவுக வச்ச பேரு 'சாரல் சர்க்கிள்'. ஊர்க்காரக வச்ச பேரு கார்டுக் கூட்டம். அழைப்புக் கார்டு கையில இல்லாம எமனே வந்தாலும் கேட்டுக்குள்ள விடமாட்டாக, அதான். வர்றவுக லேசுப்பட்ட ஆளுக இல்ல. ஏலக்காய் ஏத்துமதி பண்றவுக, மில்லு வச்சிருக்கவுக, காலேஜ் வச்சிருக்கவுக, சிங்கப்பூர், அமெரிக்காவுலேர்ந்து பறந்து வர்றவுக. எல்லாரும் ஒரு ட்ரஸ்டுக்குத் தானம் பண்றவுகளாம். தானம் பண்றவுக பண்ணிட்டுப் போகவேண்டியதுதானே? அது போதாது. கவர்மெண்டு எந்த ஆஸ்பத்திரியத் தொறக்கணும், எந்தப் பள்ளிக்கூடத்த மூடணும்னு அங்கன உக்காந்துதான் பேசுவாக. ஆளுங்கட்சியும் வரும், எதிர்க்கட்சியும் வரும், சென்னையிலேர்ந்து பெரிய அதிகாரிகளும் வருவாக. நாம வெயில்ல வரிசையில நின்னு ஓட்டுப் போட்டு அனுப்புன ஆளு, அங்கன போயிக் கையக் கட்டிக்கிட்டுத் தலையாட்டிட்டு வர்றாரு. என்னத்தச் சொல்ல!

அந்தக் கூட்டத்துக்குப் பாய்தான் சமையல். கார்டு இல்லாம உள்ள போற ஒரே ஆளு நான்தான்னு அவருக்கு ஒரு மெதப்பு. கூட்டத்த நடத்துற பொறுப்புல ஷெரின் மேடம்னு ஒரு மலையாளத்தம்மா இருந்தாக. "பாய் பிரியாணி இல்லாம கூட்டமே இல்லை"ன்னு அவுக ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும், மனுசனுக்குத் தல கால் புரியாது. வீட்டுக்கு வந்து சம்சாரம் லத்திபாகிட்ட அத ஒப்பிக்காம விடமாட்டாரு. "ஆமா, தின்ன சோறு நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஒரு மேடமாக்கும்"னு லத்திபா மொகத்தத் திருப்பிக்கிரும்.

அந்த வருசம் அவுக மக ஷர்மின் முழுகாம இருந்துச்சு. ஒரே மக. கல்யாணமாகி ரொம்பக் காலம் தங்காம, தர்கா தர்காவா ஏறி எறங்கி, அப்புறமா உண்டான பிள்ள. மருமகன் ரியாசுதீன் சவூதியில இருக்காரு. அதனால மக அத்தா வீட்டோட வந்திருச்சு. பிரசவம் உள்ளூர் கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதான்னு பேச்சு. வெள்ளைக்கரட்டு ஆஸ்பத்திரின்னா பெருசா ஒண்ணும் நெனச்சுறாதீக. நாலு கட்டிலு, ஒரு பிரசவ ரூம்பு, நர்ஸ் ஜெசிந்தா. டாக்டர் வந்தா உண்டு. ஆனா ஜெசிந்தா ராசியான கை. சுத்துப்பட்டிச் சனம் பூராம் அது கையிலதான் பெத்துப் பொழச்சுச்சு.

கூட்டத்துக்கு முந்துன வாரம் ஜெசிந்தா பாயத் தேடி வீட்டுக்கே வந்துச்சு.

"பாய், சின்ன ஆஸ்பத்திரியில இருக்குற பிரசவ வார்டயெல்லாம் மூடிட்டு, ட்ரஸ்டோட பெரிய ஆஸ்பத்திரியில சேக்கப் போறதாப் பேச்சு அடிபடுது. நீங்க மேல போறீகள்ல, அவுக காதுல ஒரு வார்த்த போட்டு வைங்க. இன்னொரு நர்ஸு, ஒரு ஜெனரேட்டரு, இம்புட்டுக் குடுத்தாப் போதும், நம்ம ஆஸ்பத்திரி ஓடிரும். ஷர்மினுக்கும் இங்கனதானே பாக்கணும்?"

"இவ்வளவுதானே ஆத்தா? நான் சொன்னாக் கேப்பாக"ன்னாரு பாய். மகளும் பக்கத்துலதான் நின்னுச்சு. அது முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் சொன்னாரு.

கூட்டத்தன்னிக்கு மத்தியானம் பாய் பிரியாணித் தம்ம ஒடச்சு மூடியத் தொறந்தாரு. சீரகச் சம்பா வாசனைக்கு அம்புட்டுப் பெரிய ஆளுகளும் பேச்ச நிப்பாட்டிட்டு எந்திரிச்சு வந்தாக. தட்டக் கையில வாங்கிக்கிட்டு விட்ட எடத்துலேர்ந்து பேச ஆரம்பிச்சாக. இங்கிலீசும் தமிழும் கலந்துகட்டி ஓடுச்சு. பரிமாறுற எடத்துல நின்ன பாய் காதுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா விழுந்துச்சு. சின்ன ஆஸ்பத்திரி வார்டுகள மூடுறதுக்கு எல்லாரும் தலையாட்டுனாக, சென்னையிலேர்ந்து வந்த அதிகாரி மட்டும் கொஞ்சம் இழுத்தாரு.

"அடிவாரத்து ஊர்கள்ல பிரசவ வார்டை மூடினா ஜனங்க சண்டைக்கு வருவாங்களே சார்?"

கூட்டத்துத் தலைவர் வயசான ஏலக்காய் ஏத்துமதிக்காரர். அவரு எலும்பக் கடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. "ஜனங்களையே கேட்டுடுவோமே. நம்ம பாய் அந்த மாதிரி ஒரு ஊர்க்காரர்தான். பாய், இப்படி வாங்க!"

பாய் துண்டுல கையத் தொடச்சுக்கிட்டு நடுவுல போய் நின்னாரு. மொதல்ல பிரியாணிக்காகக் கை தட்டுனாக. ஒருத்தர் கேமராவத் தூக்கிட்டு வந்து அவரு மொகத்துக்கு நேரா நின்னாரு.

"சொல்லுங்க பாய். உங்க ஊர்ல ஆஸ்பத்திரி வசதியெல்லாம் எப்படி? பிரசவமெல்லாம் எப்படி? நம்ம ட்ரஸ்ட் ஆம்புலன்ஸ் வேன் ஒழுங்கா வருதா? ஏதும் குறை இருக்கா?"

இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு எப்படிக் கேள்வி கேக்கணும்? ஜெசிந்தா சொன்ன அத்தனையும் பாய் நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. ஆனா அவரு நின்ன எடத்தப் பாருங்க. பந்தி நடந்துக்கிட்டிருக்கு. விருந்தாளி கையில சோறு இருக்கு. கூப்பிட்ட வீட்டுல நின்னு, சாப்பிடுற ஆளு மொகத்தப் பார்த்துக் கொறை இருக்குன்னு எப்படிச் சொல்லுவாரு? அப்படியே பழகிப்போன வாயி. அதுவும் போக, எப்படி இருக்கீகன்னு மூணாம் மனுசர் கேட்டா, அல்லா குடுத்ததுல கொறை சொல்ற பழக்கம் அவுக வீட்டுல கெடையாது.

"அல்ஹம்துலில்லா! உங்க தயவுல ஒரு கொறையும் இல்ல சார். வேன் வருது. எங்க வீட்டுல நெஞ்சுவலின்னப்பக்கூட வந்து கூட்டிட்டுப் போச்சு. எல்லாம் தாராளமா இருக்கு."

தலைவர் அதிகாரியப் பார்த்து, "கேட்டீங்களா?"ன்னாரு. அதிகாரி இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டாரு.

பாய் மனசுல ஒரு திட்டம் இருந்துச்சு. பந்தி முடியட்டும், ஷெரின் மேடத்த ஓரமாக் கூப்பிட்டு உள்ளதச் சொல்லிருவோம்னு. பந்தி முடிஞ்சு, சட்டியக் கழுவிக் கவுத்திட்டு நிமிந்து பாத்தா மேடம் விருந்தாளிகளோட கார்ல ஏறிப் போயிட்டாக. போன்ல சொல்லிக்கிரலாம்னு எறங்கி வந்துட்டாரு. எப்பப் போன் பண்ணாலும் வேற யாரோ எடுத்து, மேடம் மீட்டிங்ல இருக்காங்கன்னு சொன்னாக. ஜெசிந்தா வந்து கேட்டப்ப, "காதுல போட்டுட்டேன் ஆத்தா, பாத்துக்கிருவாக"ன்னு ஒரு பொய்யச் சொல்லி அனுப்பிட்டாரு. பாவி மனுசன், அந்தப் பொய்யச் சொல்றதுக்கு மட்டும் வாய் எப்படித்தான் வந்துச்சோ.

கொஞ்ச நாள்ல உத்தரவு வந்துச்சு. பிரசவ ரூம்புக்குப் பூட்டு. காச்சலுக்கு மாத்திரை குடுக்க மட்டும் ஒரு ஆள வச்சிட்டு, ஜெசிந்தாவ ட்ரஸ்டோட பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாக. அது தேனி போற ரோட்டுல இருக்கு. வெள்ளைக்கரட்டுலேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறணும். ஊரே கொதிச்சுப்போயி, சாலமன் வாத்தியார முன்னுக்கு வச்சு கலெக்டர் ஆபீசுக்கு மனுக் குடுக்கக் கெளம்புச்சு. பாயும் கூடவே போனாரு. அங்கன இருந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசுனாரு. பேசிக்கிட்டே லேப்டாப்ப இவுக பக்கம் திருப்பி, "உங்க ஊர்க்காரரே சொல்லியிருக்காரேய்யா"ன்னாரு.

அதுல பாய் நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, சிரிச்ச மொகம். எல்லாம் தாராளமா இருக்குங்கிறாரு. கீழ 'பயனாளியின் குரல்'னு எழுத்து ஓடுது.

சாலமன் வாத்தியார் திரும்பிப் பாயப் பார்த்தாரு. ஒரு வார்த்த வையல. வஞ்சிருந்தாத் தேவலையே! வர்ற வழியில பஸ்ஸுல அவ்வளவு கூட்டம் நின்னும், பாய் பக்கத்து சீட்டுல ஒருத்தரும் வந்து உக்காரல.

இங்கன ஒண்ணச் சொல்லியாகணும். பாய் வாயத் தொறந்து உள்ளதச் சொல்லியிருந்தா மட்டும் மூடாம விட்டிருப்பாகளா? அட போங்கய்யா. அவுக முன்னாடியே முடிவு பண்ணிட்டு, சாட்சிக்கு ஒரு ஏழை மொகம் தேடுனாக. இவரு இல்லாட்டி தோட்டக்காரன், அவன் இல்லாட்டி டிரைவரு. ஆனா அதப் பாய்கிட்ட யாரு சொல்றது, சொன்னா அவருதான் நம்புவாரா? வீட்டுல லத்திபா கேட்டுச்சு, "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இருந்தாலும் விசயம் கைய விட்டுப் போயிறல. தேதிக்கு ஒரு வாரம் முந்தியே ஷர்மினக் கூட்டிக்கிட்டுப் போயி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு சொந்தக்காரக வீட்டுல தங்கிருவோம்னு ஏற்பாடு பண்ணி, பைகூடக் கட்டி வச்சாச்சு. ஜெசிந்தாவும் போன்ல, "தைரியமா வா ஷர்மின், நான்தானே இருக்கேன்"னு சொல்லிருச்சு. ஷர்மின் அத்தாவ ஒரு வார்த்த கேக்கல. எப்பவும் போல அவருக்குச் சோறு எடுத்து வச்சுச்சு, எப்பவும் போலப் பேசுச்சு. அதுதான் அவரப் போட்டு அரிச்சுச்சு.

ஐப்பசி மழை. மூணு நாளா விடாம ஊத்துது. கெளம்ப இன்னும் நாளிருக்கையிலேயே ஒரு காலையில ஷர்மினுக்கு வலி எடுத்திருச்சு. பாய் ட்ரஸ்ட் வேனுக்குப் போன் போட்டாரு. எங்கயோ உக்காந்து ஒரு பொண்ணு, பேசண்டு பேரென்ன, வயசென்ன, பக்கத்துல அடையாளம் என்னன்னு பொறுமையாக் கேட்டுட்டு, வேன் வேற கேசுக்குத் தேவாரம் பக்கம் போயிருக்கு, வந்ததும் அனுப்புறோம்னுச்சு. இவரு தெருவுல எறங்கி ஓடி, தோட்டத்து ஆளுகள ஏத்திட்டுப் போற தங்கப்பாண்டிய ஜீப்போட கூட்டிட்டு வந்தாரு. லத்திபாவும் பக்கத்து வீட்டுப் பவுனும் ஷர்மினப் பின்னாடி படுக்க வச்சுக்கிட்டாக. ஆஸ்பத்திரியத் தாண்டித்தான் ஜீப் போகணும். பூட்டுக் கெடந்த கதவ ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

ஓடையில தண்ணி பாலத்துக்கு மேல போயிக்கிட்டிருந்துச்சு. சுத்துப்பாதையில போனாக. பாதி வழியில, ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரத்துல, ஜீப்புக்குள்ளயே பிள்ள பெறந்திருச்சு. பொம்பளப்பிள்ள. நல்லா வீல்னு அழுதுச்சு. "அல்லாவே!"ன்னு பாய் முன் சீட்டுல உக்காந்து கண்ணத் தொடச்சாரு. தங்கப்பாண்டிகூடச் சிரிச்சுட்டான். அதுக்கப்புறம்தான் பவுனு, "அண்ணே, ரத்தம் நிக்கலையே"ன்னுச்சு.

லத்திபா தன் துப்பட்டியக் கழத்திக் குடுத்துச்சு. பாய் துண்டக் குடுத்தாரு. தங்கப்பாண்டி சீட்டு மேல விரிச்சிருந்த துணிய உருவிக் குடுத்தான். எல்லாம் நனைஞ்சு போச்சு. பாய் பின்னாடி கைய நீட்டி மக பாதத்தப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. "அத்தா, குளுருது"ன்னுச்சு ஷர்மின். "இந்தா வந்துருச்சு ஆத்தா, வந்துருச்சு"ன்னாரு. வரல, இன்னும் சின்னமனூரே வரல. அப்புறம் அது ஒண்ணும் பேசல. ஆஸ்பத்திரி வாசல்ல ஜெசிந்தா ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்து மூடுன கண்ண வெலக்கிப் பாத்துட்டு, அப்படியே தரையில உக்காந்திருச்சு.

"பிள்ள பெறந்ததும் போட ஒரு ஊசி உண்டு பாய்"னு ரொம்ப நேரம் கழிச்சுச் சொல்லுச்சு. "ரத்தம் கட்டுப்பட்டிரும். நம்ம ஊரு ஆஸ்பத்திரியில எத்தன பேருக்குப் போட்டிருக்கேன்." பாய் சொவத்தப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

மையத்த அடக்கம் பண்ணுனாக. ரியாசுதீன் போன்லதான் கடைசியா மொகத்தப் பார்த்தாரு. அதோட பாய் கரண்டியக் கையில தொடல. வேணாம்னு சொல்லியும் கல்யாண வீட்டுக்காரக வந்து கெஞ்சிப் பாத்தாக. "என் வாய் சரியில்ல, வேற ஆளப் பாருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. கைதானே சமைக்குது, வாய்க்கு என்னன்னு கேக்க ஒருத்தருக்கும் தெம்பில்ல.

அடுத்த வருசம் கூட்டம் வந்துச்சு. பாய் சமைக்கிறத விட்டுட்டாருன்னு மட்டும்தான் அவுகளுக்குத் தெரியும், ஏன்னு தெரியாது. மதுரையிலேர்ந்து ஹோட்டல்காரகள வரச் சொல்லிட்டாக. பாய் குளிச்சு, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, தங்கப்பாண்டி ஜீப்புல மலை ஏறுனாரு. கேட்டுல குமுளிக்கார வாட்ச்மேன் மறிச்சான்.

"கார்டு உண்டோ?"

"நான் பண்டாரிப்பா. வருசா வருசம் வர்றவன்."

"சமையலுக்கு வேற ஆளு வந்தாச்சு சேட்டா. கார்டு இல்லாம உள்ள விடப் பற்றில்ல."

பாய் அங்கனயே நின்னாரு. கத்தல, சண்டை போடல, நகரவும் இல்ல. கார் ஒவ்வொண்ணா அவரச் சுத்திக்கிட்டு உள்ள போச்சு. கடைசியா ஷெரின் மேடமே எறங்கி வந்தாக. அன்னிக்குச் சொல்லாததப் பாய் அம்புட்டையும் சொன்னாரு. ஜெசிந்தா கேட்டது, தான் மறைச்சது, மழை, ஜீப்பு, ஊசி. மேடம் அழுதுட்டாக. நெசமாத்தான் அழுதாக, அதுல நடிப்பில்ல. "இங்கயே இருங்க பாய்"னு உள்ள ஓடிப் போயிட்டுத் திரும்பி வந்தாக. கையில ஒரு கார்டு இருந்துச்சு. அதுல பாய் பேரு எழுதியிருந்துச்சு.

"சேர்மன் ரொம்ப வருத்தப்பட்டார். பெரிய ஆஸ்பத்திரியில புது வார்டு கட்டுறோம், அதுக்கு ஷர்மின் பேரையே வைக்கச் சொல்லிட்டார். நீங்க உள்ள வந்து இதையே ரெண்டு வார்த்தை பேசணும் பாய். இந்த வருஷம் இன்னும் நிறைய ஊர் வார்டுகளை எங்க ஆஸ்பத்திரியோட சேர்க்கணும், வேன் நிறைய வாங்கணும். உங்க பேச்சைக் கேட்டா எல்லாரும் மனசு வைப்பாங்க."

பாய்க்கு வெளங்கக் கொஞ்ச நேரமாச்சு. "எங்க ஊரு பிரசவ ரூம்பத் தொறந்து விடுங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அது பாலிசி பாய். கவர்மெண்ட் எடுத்த முடிவு. எங்க கையில இல்லையே."

"கவர்மெண்டு உள்ளதானேம்மா சாப்பிட்டுக்கிட்டிருக்கு?"

பாய் கார்டத் திருப்பிக் குடுத்துட்டு ஜீப்புல வந்து ஏறுனாரு.

வீட்டுல லத்திபா பேத்திய மடியில போட்டுப் புட்டிப்பால் குடுத்துக்கிட்டிருந்துச்சு. பாய் பக்கத்துல உக்காந்தாரு.

"என்ன சொன்னாக?"

"புதுசாக் கட்டுற வார்டுக்கு நம்ம ஷர்மின் பேர வைக்கிறாகளாம்."

"நம்ம ஊருலயா?"

"இல்ல. அங்கனதான், தேனி ரோட்டுல. பெரிய ஆஸ்பத்திரியில."

லத்திபா பிள்ள மொகத்த விட்டுக் கண்ண எடுக்கல.

"அங்கன போய்ச் சேர முடியாமத்தானேங்க அவ செத்தா?"ன்னுச்சு.